ஒண்ணு எந்தப் பக்கம்?

நோர்வூட்
12.02.2024

தம்பி ஜூட்சன்,

யார் எழுதியது என்று பார்த்ததும் கிழித்துப் போடாதே. பின்பக்கத்தில் உனக்கு வேண்டிய கெஸ்கட் படம் போட்டிருக்கிறேன். கிழித்தால் நஷ்டம் உனக்குத்தான்.

என்னோடு பேச மாட்டேன் என்றுதான் அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணினாய். எழுத மாட்டேன் என்று நீ சொல்லவில்லை. அந்தோனியார் அன்றைக்கு நன்றாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், வேண்டுமானால் அவரையே விசாரி. ஃபோனில் என் நம்பரையும் அடைத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் ஐந்தாம் வகுப்போடு தூங்கிப்போன என் கையெழுத்தைத் தட்டி எழுப்ப வேண்டியதாகிவிட்டது. பூரணி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, கோழி மையை மிதிச்சிட்டு நடந்த மாதிரி இருக்கு" என்கிறாள். கட்டியவள் வாய் அப்படி. நீ படித்துவிடுவாய். பத்தொன்பது வருஷம் ஒரே கராஜில் இந்தக் கோழியோடு குப்பை கொட்டியவன்.

விஷயத்துக்கு வருகிறேன். பஸ் கண்டக்டர் செல்லசாமி எல்லாம் சொன்னான். நானுஓயாவில் உன் மச்சினனின் மரக்கறி ஷெட்டில், லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவில் உன் மொரிஸ் மைனர் கார் ஆறு மாதமாக நிற்கிறதாம். எஞ்சின் இறுகிப்போய் அசையவே மாட்டேன் என்கிறதாம். நுவரெலியா ஹோட்டல்காரர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாராம். மார்ச் 25, போயா பௌர்ணமிக்கு மறுநாள். ஸ்டேஷனிலிருந்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு நிற்காமல் ஹோட்டல் வாசல் வரை ஏறிக் காட்ட வேண்டும். ஏறினால் வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றி இறக்கும் வேலை உனக்கு. இந்த முறையும் நடுவழியில் நின்றால் வேலை வேறு ஆளுக்கு. சரிதானே? தப்பாக இருந்தால் செல்லசாமியைத் திட்டு. (செல்லசாமி, கொண்டுபோகிற வழியில் நீ இதைப் பிரித்துப் படிப்பாய் என்று தெரியும். ஒட்டும்போது ஒழுங்காக ஒட்டு.)

பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டைகளை மூடாமல் விட்டிருப்பாய். நானுஓயாப் பனி உள்ளே போய் பிஸ்டன் வளையங்கள் துருவோடு சிலிண்டரில் ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பியால் தட்டிவிடாதே. டீசலும் கியர் ஒயிலும் சரிபாதி கலந்து, பிளக் ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தேநீர்க் கோப்பை அளவு ஊற்று. மூன்று நாள் தொடாதே. நாலாம் நாள் நாலாம் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டு. தொட்டில் ஆட்டுகிற மாதிரி. கோபக்காரன் மாதிரி அல்ல.

சைலன்சர் பக்கத்து நட்டுகள் திரும்பாவிட்டால், நட்டைப் புகை வருகிற வரைக்கும் சூடாக்கி, மெழுகுதிரியை அதன் ஓரத்தில் வை. மெழுகு உருகி மரைக்குள் தானே இறங்கிவிடும். ஆறும் முன்னே திருப்பு. அந்தோனியாருக்கு வாங்கிய மெழுகுதிரியில் கொஞ்சம் எடுத்துக்கொள். அவருக்கு அரை இஞ்ச் குறைந்தால் கோபிக்க மாட்டார்.

அந்த எஞ்சினைக் கெடுத்தது நான்தான் என்று அன்றைக்கு ரோட்டுக்கே கேட்கும்படி கத்தினாய். நானும் கத்தினேன். நீ கராஜின் ஹட்டன் பக்கத்துக் கேட் வழியாகப் போனாய், நான் பொகவந்தலாவைப் பக்கத்துக் கேட் வழியாக வீட்டுக்குப் போனேன். கராஜ் நடுவில் திறந்தே கிடந்தது. அதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

அழகுமுத்து


நானுஓயா
19.02.2024

திரு. அழகுமுத்து அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கேட்காமலே அனுப்பியிருக்கிறீர்கள். இருந்தாலும் பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லை என்று என் வீட்டுக்காரி ஷிராணி சொல்கிறாள்.

சாம்பல் புதன் பூசையில் சாமியார், இந்தத் தவக்காலத்தில் மனஸ்தாபம் உள்ளவர்களோடு சமாதானமாகுங்கள் என்றார். அதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். எஞ்சினுக்காகத்தான் எழுதுகிறேன்.

டீசல் கலவை வேலை செய்தது. மூன்று நாள் போதவில்லை, ஐந்து நாள் பிடித்தது. ஆட்டியபோது முதலில் டக்கென்று ஒரு சத்தம், பிறகு தானாகச் சுற்றியது. ஷெட்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மெழுகுதிரியும் சரி. ஆறு நட்டில் ஐந்து வந்துவிட்டது, ஒன்றை வெட்டி எடுத்தேன்.

ஓட்டைகளை மூடாமல் விட்டது உண்மைதான். அதை இவ்வளவு சந்தோஷமாக எழுத வேண்டியதில்லை.

மூட்டை தூக்கும் கப்பியில் எஞ்சினை வெளியே இறக்கிவிட்டேன். கியர்பொக்ஸ் முனை வந்து உட்காருகிற பித்தளைப் புஷ், கிரேங்கின் பின்முனைக்குள் இறுகிக்கொண்டு வர மறுக்கிறது. அதை மாற்றாமல் பூட்டினால் கிளச் அழும். உங்களுக்கு வழி தெரிந்திருந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் பரவாயில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் மாதம் அந்த ஹோட்டல் மெனேஜர் என் வண்டியில் பின் சீட்டில் இருந்தார். பாதி ஏற்றத்தில் எஞ்சினுக்குள் சுத்தியலால் அடிக்கிற சத்தம். வண்டி நின்றது. அவர் புதுச் சப்பாத்தோடு மழையில் நடந்து போய் ஆட்டோ பிடித்தார். அதற்கு முன் கராஜில் எஞ்சினைப் பிரித்தபோது, பிஸ்டன் ரொட்டுகளின் அடியை மூடுகிற நாலு கேப்பையும் நான் கிரேங்கின் கீழேயிருந்து கழற்றி, ஊசியால் நம்பர் கீறித்தான் டின்னில் போட்டேன். பூட்டிய அன்று நான் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நீங்கள் தனியாகப் பூட்டினீர்கள். ஆறு வாரத்தில் எஞ்சின் போனது. நான் வேறு யாரைக் கேட்பது?

ஜூட்சன்


நோர்வூட்
22.02.2024

தம்பி,

"திரு." போட்டு எழுதியிருக்கிறாய். பூரணி அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்கிறாள். இந்த வீட்டில் எனக்கு மரியாதை வந்தது இதுதான் முதல் தடவை.

புஷ்ஷுக்கு வழி: பாண், பேக்கரி ரொட்டிதான். சிரிக்காதே. நேற்றைய பாணின் உள்சதையைத் தண்ணீரில் நனைத்துப் பிசைந்து, புஷ் ஓட்டைக்குள் நிரப்பு. ஓட்டைக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு இரும்புத் தண்டை வைத்துச் சுத்தியலால் அடி. பாண் பின்னால் போக வழி இல்லாமல் புஷ்ஷைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கிரீஸை வைத்தும் செய்யலாம், ஆனால் முகமெல்லாம் தெறிக்கும். பாண் தெறித்தால் காக்காய்க்காவது ஆகும். தண்டு லூசாக இருந்தால் பாண் பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு உன்னைப் பார்த்துச் சிரிக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது பிஸ்டனை எடுப்பாய். தலைப்பக்கத்தில் எட்டுத் தள்ளுகம்பி இருக்கிறதே, அவை கலந்துபோகக் கூடாது. பிஸ்கட் பெட்டியின் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வை. முதல் ஓட்டைக்குப் பக்கத்தில் பெரிதாக ஃபிளைவீல் என்று எழுதிவிடு, அப்புறம் குழப்பமே வராது.

இனிச் சண்டைக்கு வருகிறேன். கேப்பைக் கழற்றியதும், பெயாரிங் இல்லாமல், அதே ரொட்டில் பொருத்தி இறுக்கிப் பார். ரொட்டும் கேப்பும் ஒன்றாகச் சேர்த்துக் கடைந்தவை. சொந்த ஜோடி என்றால் இரண்டும் சேருகிற கோட்டின் மேல் நகத்தை ஓட்டினால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். வேற்று ஜோடி என்றால் படியில் தடுக்கின மாதிரித் தடுக்கும். உன் நகம் ஒயிலில் தேய்ந்து போனது, அது தார் ரோட்டில் வைத்தாலும் வழுக்கும். ஷிராணி தங்கச்சியின் சுண்டுவிரல் நகத்தைக் கடன் வாங்கு.

நான் தப்பாகப் பூட்டியிருந்தால் நகம் சொல்லிவிடும். பயம் இல்லை. பார்த்து எழுது.

அழகுமுத்து


நானுஓயா
01.03.2024

திரு. அழகுமுத்து அவர்களுக்கு,

நகம் சொல்லிவிட்டது.

நாலும் தப்பு. ஒரு ரொட்டில்கூட அதன் சொந்தக் கேப் இல்லை. நீங்கள் அடையாளத்துக்கு மூன்று புள்ளி குத்திய ரொட்டில் பெயாரிங் உருகிக் கறுத்துப் போயிருக்கிறது. ஷிராணி ஒவ்வொன்றாக நகத்தை ஓட்டி, "தடுக்குது... இதுவும் தடுக்குதுங்க" என்று சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு கேப்பையும் தனியாக எடுத்து வைத்தேன். நாலில் ஒன்று மாறினால் கைத்தவறு என்று சொல்லலாம். நாலும் மாறினால் என்னவென்று சொல்வது? கீறிய நம்பரை நீங்கள் பார்க்கவே இல்லை என்றுதானே அர்த்தம்?

பாண் வேலை செய்தது. புஷ் வந்துவிட்டது. அதற்கு நன்றி. காலைச் சாப்பாட்டுப் பாண் என்று ஷிராணிக்குக் கோபம்.

இனி எழுத வேண்டாம். இருபத்து நாலு நாள்தான் இருக்கிறது. நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஜூட்சன்


நோர்வூட்
04.03.2024

ஜூட்சன்,

எழுத வேண்டாம் என்றாய். இது கடைசி.

எஞ்சினைப் பிரித்த அன்றைக்கு, அதைத் தூக்குகிற செயின் பிளாக் உடைந்திருந்தது. அதனால் எஞ்சினை இறக்காமல் வண்டியிலேயே வேலை பார்த்தோம். நீ கீழே மல்லாந்து படுத்துக் கேப்புகளைக் கழற்றினாய். நான் மேலே நின்று பிஸ்டனை ரொட்டோடு வாங்கிப் புள்ளி குத்தினேன். முதல் சிலிண்டருக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு, அப்படியே நாலு வரை. பூட்டுகிற அன்று உன் டின்னை எடுத்தேன். நீ ஒன்று என்று கீறியதை ஒரு புள்ளி ரொட்டில் போட்டேன். இரண்டை இரண்டில், மூன்றை மூன்றில், நாலை நாலில். ஒவ்வொரு நம்பரையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பூட்டினேன். பூரணி தேநீர் கொண்டுவந்தவள், "யாரோட பேசுறீங்க?" என்று கேட்டாள்.

கேலி பண்ணுவேன். பொய் சொல்ல மாட்டேன். அது உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அழகுமுத்து


நானுஓயா
08.03.2024

அழகுமுத்து அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மடித்தே வைத்திருந்தேன். நேற்று ஷிராணி, "சரி, எந்தக் கேப் எந்த ரொட்டுக்குச் சொந்தம்னு பார்ப்போமே, அது தெரியாம எப்படிப் பூட்டுவீங்க?" என்றாள். உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பொருத்தி நகத்தை ஓட்டினோம். முடிவைக் கேளுங்கள்.

உங்கள் ஒரு புள்ளி ரொட்டுக்கு நான் நாலு என்று கீறிய கேப் வழுக்கிக்கொண்டு போகிறது.
இரண்டு புள்ளிக்கு என் மூன்று.
நாலு புள்ளிக்கு என் ஒன்று.
மூன்று புள்ளிதான் உருகியது, மிஞ்சி நிற்பது என் இரண்டு.

கைதவறிக் கலந்தால் இப்படி வரிசையாக வருமா அண்ணே? தலைகீழாக இருக்கிறது. நான் எழுந்து போய் நீங்கள் சொன்ன பிஸ்கட் அட்டையைப் பார்த்தேன். "முதல் ஓட்டைக்குப் பக்கத்தில் ஃபிளைவீல் என்று எழுது" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைச் சரியாகப் படிக்காமல், முதல் ஓட்டைக்குப் பக்கத்தில் என் வழக்கப்படி ரேடியேட்டர் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நான் பழகியது கினிகத்தேனை கராஜில். முன்னால் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஒன்று. உலகத்தில் எல்லாருக்கும் அதுதான் ஒன்று என்று இருந்தேன்.

அண்ணே, உங்களுக்கு ஒண்ணு எந்தப் பக்கம்?

ஜூட்சன்


நோர்வூட்
10.03.2024

அடே ஜூட்சன்,

உன் கடிதத்தைப் பஸ் பக்கத்தில் நின்றே படித்தேன். படித்துவிட்டு அங்கேயே சிரித்த சிரிப்பில் செல்லசாமி பஸ்ஸுக்கு விசில் கொடுக்காமல், "என்னண்ணே, யாராச்சும் செத்துட்டாங்களா, பொறந்துட்டாங்களா?" என்று கேட்டான்.

எனக்கு ஒண்ணு பின்னால், ஃபிளைவீல் பக்கம்தானடா!

நான் வேலை பழகியது எங்கே? தேயிலை ஃபேக்டரியில், எஞ்சின் ரூமில். அந்தப் பெரிய எஞ்சினில் ஃபிளைவீல்தான் வாசல் பக்கம் இருக்கும். உள்ளே போகிறவன் முதலில் பார்ப்பது அதைத்தான். அதனால் அங்கிருந்துதான் எண்ணுவோம். காருக்கு வந்த பிறகும் அப்படியே எண்ணினேன். யாரும் தப்பு என்று சொல்லவில்லை. என்னை வேலைக்கு வைத்தவனும் நான்தானே, யார் சொல்லுவது?

பத்தொன்பது வருஷம் எப்படித் தெரியாமல் போனது என்று நேற்று முழுக்க யோசித்தேன். பிளக் ஒயர் போடும்போது இரண்டு பேரும் சேர்ந்து சிலிண்டர் எரிகிற வரிசையைப் பாட்டு மாதிரிச் சொல்லுவோமே, ஒண்ணு மூணு நாலு ரெண்டு. கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதிப் பார்த்தேன். ரேடியேட்டரிலிருந்து எண்ணினாலும் ஒண்ணு மூணு நாலு ரெண்டு. ஃபிளைவீலிலிருந்து எண்ணிச் சுற்றி வந்தாலும் ஒண்ணு மூணு நாலு ரெண்டு! இரண்டு பக்கத்திலிருந்து பாடினாலும் ஒரே பாட்டு. அதோடு, ஒரு எஞ்சினை நீ தொடங்கினால் நீயே முடிப்பாய், நான் தொடங்கினால் நான் முடிப்பேன். செயின் பிளாக் உடைந்த அந்த ஒரு நாள்தான் ஒரே எஞ்சினில் நீ பாதி, நான் பாதி.

ஆக, நீயும் தப்பில்லை, நானும் தப்பில்லை. இல்லை, இல்லை. நீ அந்தப் பக்கத்திலிருந்து தப்பு, நான் இந்தப் பக்கத்திலிருந்து தப்பு. இரண்டு பேரும் நடுவில் மோதி உன் எஞ்சினைக் கொன்றோம். புள்ளி குத்தியபோது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், "டேய், எந்தப் பக்கத்துலேருந்து கீறுறே?" என்று. மூத்தவன் நான். அதைக் கேட்காதது என் குற்றம். எழுதிவிட்டேன். பத்திரமாக வைத்துக்கொள், மறுபடி வராது.

செல்லசாமியிடம் ஒரு டின் கொடுத்திருக்கிறேன். என் பழைய மைனர் எஞ்சினில் இருந்த ஒரு ரொட், அதன் சொந்தக் கேப்போடு. பூரணியின் நகத்தால் மூன்று முறை சோதித்தது. புதுப் பெயாரிங் ஒரு செட்.

உருகிய இடத்தில் கிரேங்க் கீறியிருக்கும். மெல்லிய எமரித் துணியை நாடா மாதிரி வெட்டி அதில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேல் சப்பாத்து லேஸை இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழு. மோர் கடைகிற மாதிரி. நகம் ஓட்டிப் பார், தடுக்காமல் வழுக்குகிற வரைக்கும் இழு. எத்தனை இழுத்தும் தடுக்கிற அளவுக்கு ஆழமாக இருந்தால் நிறுத்திவிட்டு எனக்கு எழுது. பூட்டியதும் கேப்புக்குள் சிகரெட் பெட்டி ஈயத்தாள் துண்டு ஒன்றை வைத்து இறுக்கிக் கையால் சுற்றிப் பார். தாள் இருக்கும்போது கொஞ்சம் பிடிக்க வேண்டும், எடுத்ததும் வழுக்க வேண்டும். இரண்டிலும் வழுக்கினால் லூஸ்.

டின்னில் ஆறு மரக் கிளிப்பும் இருக்கிறது, துணி காயப்போடுகிறது. பெற்றோல் குழாய் எஞ்சினுக்கு மேலே போகிற இடத்தில் வரிசையாக மாட்டு. மெதுவான ஏற்றத்தில் குழாய் சூடாகிப் பெற்றோல் ஆவியாகிப் போகாது. விஞ்ஞானம் என்னவென்று கேட்காதே. எனக்கு வேலை செய்கிறது. பூரணிக்கு ஆறு சேலை காயவில்லை.

அழகுமுத்து


நானுஓயா
26.03.2024

அண்ணே,

ஏறிவிட்டது.

முதலிலிருந்து எழுதுகிறேன். லேஸ் இழுத்து இழுத்து என் தோள்பட்டை போய்விட்டது. ஒரு பக்கம் ஷிராணி இழுத்தாள். கீறல் ஆழமில்லை, மூன்று நாளில் நகம் வழுக்கியது. ஈயத்தாள் வைத்தேன், பிடித்தது. எடுத்தேன், வழுக்கியது. பூட்டும்போது ஒவ்வொரு கேப்புக்கும் இரண்டு நம்பரையும் சத்தமாகச் சொன்னேன். "உங்க ஒண்ணு, என் நாலு." ஷெட்டில் வெங்காயம் நிறுக்கிறவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நேற்றுக் காலை ஸ்டேஷனில் மெனேஜர் நிற்கிறார், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு. அவர் காலைப் பார்த்தேன். கென்வஸ் சப்பாத்து. மழைக்கோட்டு வேறு கையில். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். அவரே சிங்களத்தில், "போன முறை தோல் சப்பாத்து பாழாப் போச்சு, அதனாலதான்" என்றார்.

புறப்பட்டோம். ஆகஸ்டில் நின்ற அந்த வளைவு வந்தது. அவர் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டுகிறார். எனக்கும் காது எஞ்சினில்தான். இரண்டாம் கியரில் போட்டேன். எஞ்சின் இழுத்தது அண்ணே. ஒரு சத்தம் இல்லை. வளைவு பின்னால் போய்விட்டது. அப்போதுதான் நான் மூச்சே விட்டேன், அவரும் விட்டார். பின் சீட்டில் அவர் பிள்ளை, "தாத்தா, இப்ப இறங்கி நடக்கணுமா?" என்று கேட்டது. சிங்களத்தில் அப்பாவைத் தாத்தா என்றுதானே கூப்பிடுவார்கள். "வேணாம் மகனே, உட்காரு" என்றார்.

ஹோட்டல் வாசலில் பொனட்டைத் திறக்கச் சொன்னார். துணிக் கிளிப்பைப் பார்த்ததும் செத்தேன் என்று நினைத்தேன். கேட்டார், சொன்னேன். அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கழற்ற வேண்டாம், வெள்ளைக்காரர்களுக்குக் காட்டணும், படம் பிடிப்பாங்க" என்கிறார். ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து வரச் சொல்லிவிட்டார். பூரணி அக்காவுக்கு வேறு கிளிப் வாங்கிக் கொடுக்கிறேன்.

ரோட்டுக்கே கேட்கும்படி உங்களைப் பார்த்துக் கத்தியது தப்பு. என் நம்பர் சரி என்பதற்காக உங்கள் நம்பர் தப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஃபோனில் அடைப்பை எடுத்துவிட்டேன். ஆனால் நீங்கள் எடுக்க வேண்டாம். முதல் வார்த்தையை நேரில்தான் பேச வேண்டும் என்று அந்தோனியாரிடம் கேட்டு ஒப்புதல் வாங்கியிருக்கிறேன்.

பெரிய வெள்ளி கோயிலில் இருப்பேன். சனிக்கிழமை பத்து மணிக்கு மைனரிலேயே வருகிறேன், ஷிராணியும் வருகிறாள். ஏற்றத்திலிருந்து இறங்கி வந்த வேகத்தில் நிறுத்தாமல் நேரே உள்ளே விடுவேன், பிரேக் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. முதல் கேட்டைத் திறந்து வையுங்கள்.

ஜூட்சன்


நோர்வூட்
28.03.2024

தம்பி,

பிரேக் சரியில்லாத வண்டியில் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு வருகிறாயாம். வா, வந்து சேர்ந்ததும் முதல் வேலை அதுதான். வழியெல்லாம் கீழ்க் கியரில் வா.

முதல் கேட் என்று எழுதிவிட்டாய். உனக்கு முதல் கேட் ஹட்டன் பக்கத்துக் கேட்டா, இல்லை என் வீட்டுப் பக்கம், பொகவந்தலாவை கேட்டா? ஏழு மாதம் சண்டை போட்டும் இன்னும் எந்தப் பக்கத்திலிருந்து என்று எழுத வரவில்லை உனக்கு.

கேட்டு எழுத நேரம் இல்லை. இரண்டையும் திறந்து வைத்துவிட்டேன்.

அழகுமுத்து